கொழுந்தாடைச் சுவர்

வைஜயந்தா விசில் ஊதினாள். கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவர்கள் கத்தியை மண்ணில் கொத்தி நிறுத்திவிட்டு நீலத் தண்ணீர் டிரம்மைப் பார்த்து வந்தார்கள்.

"ஸ்டேஷன் மாஸ்டர் ஊதிட்டா. எல்லாரும் ரயில்ல ஏறுங்க" என்றான் மேஸ்திரி பிரல்ஹாத். தினமும் இதைச் சொல்லித் தானே சிரித்துக்கொள்வான்.

வெயிலில் முதுகொடிய வேலை செய்கிறவர்களுக்குத் தண்ணீர் போதாமல் சிறுநீரகம் கெடுகிறது, அவ்வப்போது குடித்து நிழலில் உட்கார்ந்தால் அது தப்பிக்கும் என்று ஆராய்ச்சி செய்து பார்த்திருந்தார்கள். அதை வயலில் நடத்திக் காட்ட அந்த ஆராய்ச்சிக்கார டாக்டரம்மா வைஜயந்தாவை வேலைக்கு எடுத்திருந்தாள். வைஜயந்தா வறண்ட பீட் மாவட்டத்திலிருந்து வருஷா வருஷம் சாங்லிக்கு வந்து கரும்பு வெட்டியவள்தான். கத்தியைப் போட்டுவிட்டு விசிலைப் பிடித்து மூன்றாவது பருவம் நடக்கிறது.

இந்தக் கூட்டத்தில் அவளுக்கு வேறொரு கவலையும் இருந்தது. அண்ணன் தத்துவின் மனைவி கோதாவரிக்குக் கால் வீங்கிக் கிடந்தது. சோதித்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா சொல்லியிருந்தாள்: "இப்பதான் கெட ஆரம்பிச்சிருக்கு. தண்ணி ஒழுங்கா உள்ள போனா மீட்டுரலாம். இல்லேன்னா இந்தம்மா இனிமே கத்தி பிடிக்க முடியாது."

டிரம் தினமும் காலியானது. வைஜயந்தாவுக்கு அதில் பெருமைகூட உண்டு. ஆனால் மறுபடி சோதித்தபோது பெண்களின் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. கோதாவரிக்கு முன்னைவிட ஒரு படி மோசம்.

அன்று வைஜயந்தா டிரம்முக்குப் பக்கத்தில் நிற்காமல் வண்டி மறைவில் நின்று பார்த்தாள். ஆண்கள் மடக் மடக்கென்று குடித்தார்கள். கோதாவரி ஒரு வாய் வாங்கிக் கொப்பளித்துத் துப்பினாள். மிச்சத்தைத் தலைத்துண்டில் ஊற்றிப் பிழிந்துகொண்டாள். அடுத்தவளும் அப்படியே. அதற்கடுத்தவள் முகம் கழுவினாள்.

பாக்ரி ரொட்டி தின்ன உட்கார்ந்தபோது வைஜயந்தா கேட்டேவிட்டாள். "யாரை ஏமாத்துறீங்க அண்ணி?"

"வாய் நனைஞ்சா போதும்டி."

"வாய் நனைஞ்சா கிட்னி நனையுமா?"

கோதாவரி மிளகாய்த் தொக்கை விரலால் வழித்துக்கொண்டே சொன்னாள். "குடிச்சா எங்க போய் உக்கார்றது? மேஸ்திரி மடியிலயா?"

பெண்கள் சிரித்து உருண்டார்கள். வைஜயந்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை. சுற்றிப் பார்த்தாள். மூன்று பக்கமும் மொட்டையாக வெட்டிப்போட்ட நிலம். நடுவில் மிச்சம் நிற்கிற கரும்பில் ஒரு சாலுக்கு ஒரு ஆண். நாலாவது பக்கம் ரோடு, அதில் டிராக்டர்கள். இருட்டு விலகுமுன் போனால் மறுபடி இருட்டின பிறகுதான். அவளும் கத்தி பிடித்த காலமெல்லாம் நாக்கு வறண்டுதான் வெட்டினாள். தாழ்ப்பாள் போட்ட கக்கூஸ் உள்ள ஆபீசுக்குப் போனதும் அது எப்படி மறந்துபோனதோ தெரியவில்லை.

"அந்த நடுவுல கொஞ்சம் கரும்பை வெட்டாம விட்டா என்ன?" என்றாள்.

"நல்லா யோசிச்சே போ" என்றாள் ஒருத்தி. "பன்னி, பாம்பு, போன வாரம் கத்துன சிறுத்தை, எல்லாம் கடைசியா ஒண்டுறது நிக்கிற கரும்புலதான். நீ முதல்ல போ. நாங்க விசில் ஊதறோம்."

அதுவும் நிஜம்தான்.

சாப்பிட்டதும் கோதாவரி கொழுந்தாடைக் கட்டுகளை அடுக்கப் போனாள். வெட்டிய கரும்பின் பச்சைத் தலைகள் அவை. பெண்கள் கட்டிவைப்பார்கள். பாதி வண்டிமாட்டுக்கு, பாதி ஊருக்குள் தீவனமாகப் போகும். கால் வலி தாங்காமல் கட்டுகளுக்குப் பின்னால் அப்படியே குந்தினாள். ஆள் இருப்பதே தெரியவில்லை. உச்சந்தலையில் சொருகிய துண்டு நுனி மட்டும் தெரிந்தது.

வைஜயந்தா நேரே தத்துவிடம் போனாள். "அண்ணா, உன் கொழுந்தாடை சாயங்காலம் வரைக்கும் வயல்லயே நிக்கட்டும்."

"ஏன்? வாடிப்போனா எவன் வாங்குவான்? மாடு என்ன திங்கும்?"

"மாடு சாயங்காலம் திங்கட்டும். அண்ணி மூத்திரத்த சாயங்காலம் வரைக்கும் அடக்கி வெச்சு, தண்ணியும் குடிக்காமத்தான் இந்தக் கதிக்கு வந்திருக்கு."

தத்து கத்தியைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான். கழுத்து சிவந்தது. இத்தனை வருஷம் ஒரே சாலில் ஜோடியாக வெட்டுகிறவன், அவள் ஏன் குடிப்பதில்லை என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

"இதெல்லாம் ஆம்பளைகிட்ட வந்து பேசற பேச்சா?" என்று முணுமுணுத்தான்.

"பொம்பளைங்க தங்களுக்குள்ளயே பேசிப் பேசித்தான் கால் வீங்கிக் கிடக்கு."

மேஸ்திரி குறுக்கே வந்தான். "லோடு லேட்டாகக் கூடாது, ஆமா. அப்புறம் சுவர் வை, மாடி கட்டு, எனக்கென்ன."

பெண்கள் கட்டுகளை நிமிர்த்தி வளைவாக நிறுத்தினார்கள், இடுப்புக்கு மேல் உயரம். கோதாவரியை முதலில் தள்ளிவிட்டார்கள். அவள் உள்ளே போய்க் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, தத்துவின் செவலைக் காளை கயிற்றை இழுத்துக்கொண்டு வந்து சுவரைத் தின்ன ஆரம்பித்தது.

"ஐயோ, பிடிடி அந்தச் சனியனை!" என்று உள்ளிருந்து கத்தல். பெண்களுக்கு மூச்சு முட்டச் சிரிப்பு. கோதாவரி சேலையை வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடிவந்தாள்.

"போதும் உன் ஆராய்ச்சி" என்று வைஜயந்தாவைத் திட்டிவிட்டுக் கரும்பு வெட்டப் போய்விட்டாள். அன்றைக்கு அடித்த விசில் அத்தனைக்கும் அவள் டிரம் பக்கமே வரவில்லை.

மறுநாள் விடிகிற நேரத்தில் வைஜயந்தா வயலுக்கு வந்தபோது ஒருவரும் வெட்டத் தொடங்கவில்லை. தத்து மட்டும் குனிந்து என்னவோ செய்துகொண்டிருந்தான். முந்தைய நாள் கட்டுகளை வட்டமாக நிறுத்தி, கரும்புகளை ஊன்றி இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தான். உள்ளே குழியும் தோண்டி, பக்கத்தில் மண் குவித்திருந்தான். இரண்டு காளைகளும் வயலின் அந்தக் கோடியில் கட்டப்பட்டு, எட்டாத தீனியைப் பார்த்து நின்றன.

"தினம் இடம் மாத்தணும்" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். "வெட்டு நகர நகர."

"வாடிப்போனா எவன் வாங்குவான்?"

"போடி."

வெயில் ஏறி முதல் விசில் ஊதியபோது கோதாவரி வந்தாள். தம்ளரை வாங்கினாள். பச்சைச் சுவரை ஒரு தரம் பார்த்தாள், தூரத்துக் காளையை ஒரு தரம் பார்த்தாள். பிறகு தலையை அண்ணாந்து குடித்தாள். அவள் தொண்டை ஏறி இறங்குவதை வைஜயந்தா கண் எடுக்காமல் பார்த்தாள்.

"என்னடி பாக்குற?" என்று கோதாவரி காலித் தம்ளரை நீட்டினாள். "இன்னொண்ணு ஊத்து."