முட்டி வலி

பெட்டியைச் சாய்த்துப் பார்த்தார்கள், தூக்கிப் பார்த்தார்கள், எப்படித் திருப்பினாலும் வாசலில் நுழையவில்லை. கடைசியில் கதவைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே கொண்டுவர முடிந்தது. கொண்டுவந்த பிறகு வைக்க இடமில்லை. கூடத்தில் பாதியை மாவு கிரைண்டர் அடைத்துக்கொண்டிருந்தது.

"பெரியவரே, இது நகருமா?" என்று கேட்டான் பெட்டிக்காரன்.

"நகரும். ரெண்டு பேரு புடிங்க" என்றார் கன்னியப்பன்.

கிரைண்டரை மூலைக்குத் தள்ளினார்கள். ஐஸ் பெட்டிக்குப் பெரிய பிளக் வேண்டும் என்றான் அவன். அந்த வீட்டில் பெரிய பிளக் ஒன்றுதான் உண்டு. கன்னியப்பன் குனிந்து கிரைண்டர் ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியின் ஒயரைச் செருகினார். பெட்டி உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. அவர் மனைவி மீனம்பாளைத் தூக்கி உள்ளே கிடத்தினார்கள்.

காலையில் கடையில் முதல் ஈடு இட்லியை இறக்கும்போது "மார அடைக்குது" என்று அடுப்படியிலேயே உட்கார்ந்தவள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், ஆட்டோவிலேயே முடிந்துவிட்டது. டாக்டர் உதட்டைப் பிதுக்கியதும் கன்னியப்பனுக்கு முதலில் தோன்றியது, நாளைக்கு அமாவாசை, அரைத்து வைத்த அத்தனை மாவையும் என்ன செய்வது என்பதுதான். அடுத்த நொடியே தன்னைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் தோன்றியது தோன்றியதுதான்.

முப்பது வருஷமாக அமாவாசையைச் சுற்றியே ஓடிய புத்தி அது. மேல்மலையனூர் அங்காளம்மனைப் பார்க்க மாசா மாசம் சனம் செஞ்சி வழியாகத் திரண்டு போகும். ஸ்பெஷல் பஸ் விடுவார்கள். பஸ் ஸ்டாண்டை ஒட்டிய அவர்களுடைய இட்லிக் கடைக்கு அன்றைக்குத்தான் தீபாவளி. அதற்கு முன்னால் அரிசி, விறகு என்று ஓட்டம். பின்னால் அண்டாவும் குண்டானும் தேய்க்கிற ஓட்டம். மூச்சு வாங்கி நிமிர்ந்தால் அடுத்த அமாவாசை வந்து நிற்கும். மீனம்பாள் எங்கேயாவது போகலாமா என்று கேட்டால் அவரிடம் பதில் தயாராக இருக்கும். "அமாவாசை தாண்டட்டும்."

அவள் கேட்டதும் பெரிதாக ஒன்றுமில்லை. ஊட்டிக்கு ஒரு தடவை. வெயில் ஏறிய பாறைக் குன்றுகளுக்கு நடுவில், இட்லிக் குண்டானுக்கு முன்னால் நின்று வெந்தவள் வேறு எதைக் கேட்பாள்? செஞ்சிக் கோட்டையைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ டூர் வருகிறவர்கள் கடையில் சாப்பிடுவார்கள். இலையைப் போடும்போதே, "ஊட்டி பாத்துருக்கீங்களா?" என்று ஆரம்பித்துவிடுவாள். அப்படி யாரோ சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"அங்க வாயத் தொறந்தாலே ஆவி வருமாங்க. அடுப்பே இல்லாம."

"இங்க அடுப்போட வருதே, பத்தலையா உனக்கு?" என்பார் அவர்.

அவள் சிரிப்பாள். "ஒரு தடவயாச்சும் குளுர்ல வெடவெடன்னு நடுங்கணும் எனக்கு" என்பாள்.

மாலை போட வந்தவர்கள் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். வெண்மதி ஓசூரிலிருந்து வர வேண்டும். ஒரே மகள். அவள் வந்து சேர்ந்து, நாளைக் காலையில் எடுப்பது என்று முடிவாகியிருந்தது. நாளைக்குக் கடை உண்டா என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. அது தானாகவே மூடிக்கொண்டது.

கன்னியப்பன் யார் முகத்தை வேண்டுமானாலும் பார்த்தார், ஜெயக்கொடியின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. எதிர் வீட்டுக்காரி. காலையிலிருந்து வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதும், நடுநடுவே பெட்டியருகில் உட்கார்ந்து அழுவதுமாக இருந்தாள். "கூப்ட்டனேக்கா, ஊட்டிக்கு வராமலே போய்ட்டியேக்கா" என்று அவள் இழுக்கும்போதெல்லாம் அவர் கிரைண்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வருஷா வருஷம் கோடை லீவில் தெருக்காரர்களைச் சேர்த்து வேன் பிடிப்பவள் ஜெயக்கொடி. போன மாசம் ஊட்டிக்குப் பிடித்தாள். இவர்களுக்கு ரெண்டு சீட்டு வைத்திருந்தாள். கன்னியப்பனும் முதலில் தலையை ஆட்டிவிட்டார். பிறகு காலண்டரைப் பார்த்தால் வேன் திரும்புகிற அன்றைக்கு அமாவாசை. ஒரு அமாவாசைக்குக் கடையை மூடினால் குடி முழுகிவிடாது, அது அவருக்கும் தெரியும். ஆனாலும் கால் வரவில்லை. ஜெயக்கொடியிடம் போய், "அவளுக்கு முட்டி வலிம்மா. மலையெல்லாம் ஏற முடியாது. சீட்ட வேற யாருக்காவது குடுத்துடு" என்றார். வீட்டுக்கு வந்து மீனம்பாளிடம், "வேன் நெறஞ்சு போச்சாம்" என்றார். அவள் "அப்படியா" என்று மட்டும் சொல்லிவிட்டு உளுந்தைக் களையப் போய்விட்டாள். இவ்வளவு சுலபமாக முடிந்ததே என்று அன்றைக்கு அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

பொழுது சாயும்போது வெண்மதி வந்தாள். பெட்டி மேல் விழுந்து அழுதாள். கன்னியப்பன் அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார். சமையல்கட்டில் மாவு பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு அடுக்கின் வெளியே வழிந்திருந்தது. அந்தப் புளிப்பு வாசனை கூடம் வரைக்கும் வந்தது. நேற்று சாயங்காலம் அவள் கையைவிட்டுக் கரைத்த மாவு. அவர் போய்த் துடைக்கவில்லை.

அழுது ஓய்ந்த பிறகு, காலையில் குளிப்பாட்டிக் கட்டுவதற்கு நல்ல புடவை எடுத்து வைக்கச் சொன்னார்கள். வெண்மதி பீரோவைத் திறந்து பட்டுப் புடவையை உருவினாள். அதற்கு அடியில் பாச்சை உருண்டை வாசனையோடு ஊதா நிறத்தில் ஒரு ஸ்வெட்டர் இருந்தது. கழுத்தில் விலைச்சீட்டுகூடக் கிழிக்கப்படவில்லை.

"இது யாருது நைனா?"

கன்னியப்பன் அதை அப்போதுதான் பார்க்கிறார். "தெரியலம்மா" என்றார்.

"உங்கம்மாதுதான்" என்றாள் ஜெயக்கொடி. "மார்கழில சந்தைக்குப் போனப்ப வாங்குச்சு. ஊட்டிக்குன்னு."

"செஞ்சி வெயில்ல ஸ்வெட்டரா? அப்புறம் போனாங்களா சின்னம்மா?"

"எங்க போச்சு. முட்டி வலின்னு மாமா வந்து சொன்னாரு. எனக்கு நம்பிக்கையே இல்ல. இம்மாம் பெரிய குண்டானத் தூக்குற பொம்பளைக்கு முட்டி வலியா? நேரா கடைக்குப் போய்க் கேட்டேன். 'சீட்டு அப்படியேதான் இருக்குது, மெய்யாலுமே வலியா, இல்ல மாமா உன்ன வுட மாட்றாரா'ன்னு."

கன்னியப்பன் அன்றைக்கு முதல் தடவையாக ஜெயக்கொடியின் முகத்தைப் பார்த்தார்.

"அம்மா இன்னா சொன்னாங்க?"

"கையில இருந்த கரண்டிய கீழ வச்சிச்சு. அப்புறம், 'வலிதான் ஜெயா. அவரு பாவம், போலாம்னுதான் சொன்னாரு, நான்தான் வேணான்னேன்'னுச்சு. அதுக்கப்புறம் எங்க வூட்ட தாண்டும்போதெல்லாம் தாங்கித் தாங்கித்தான் நடக்கும். பாக்கவே கஷ்டமா இருக்கும்மா."

அவருக்கு ஞாபகம் வந்தது. பால் வாங்கிக்கொண்டு தெருவில் நொண்டி நொண்டி வருவாள். கடைக்குள் வந்ததும் பம்பரமாகச் சுற்றுவாள். "இன்னாடி, ரோட்ல நொண்டுற, கடையில ஓடுற? ரெண்டு காலு வச்சிருக்கியா, நாலா?" என்று அவர் கேலிகூடச் செய்தார். "கல்லு குத்திடுச்சு" என்றாள். மாசம் முழுக்க அவளுக்குக் கல் குத்திக்கொண்டே இருந்தது. அவர் சொன்ன பொய் தெருவில் பொய்யாகிவிடக் கூடாது என்று அவள் நொண்டியிருக்கிறாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. கரண்டியைத் தூக்கி எறிந்திருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை, தினமும் மாவரைத்துப் போட்டாள்.

"முட்டி வலின்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே" என்றாள் வெண்மதி. அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். "நைனா, டாக்டர்ட்டயாவது காட்னீங்களா?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். இப்போது சொல்லிவிடலாம் என்றிருந்தது. ஆனால் சொன்னால், அவள் ஒரு மாசம் நொண்டியதெல்லாம் வீணாகிவிடும். அப்படியும் தோன்றியது. அது தன்னைக் காப்பாற்றிக்கொள்வதற்குத் தோன்றியதுதான் என்றும் தெரிந்தது.

"காட்டலம்மா" என்றார்.

வெண்மதி ஸ்வெட்டரைக் கையில் எடுத்தாள். விலைச்சீட்டைப் பல்லால் கடித்து அறுத்தாள். பெட்டியின் மூடியைத் தூக்கச் சொன்னாள். ஸ்வெட்டரை விரித்து அம்மாவின் முட்டிகள் மேல் போர்த்தி, நழுவாதபடி ரெண்டு பக்கமும் செருகினாள்.

"இந்தக் குளுர்ல இன்னும் வலிக்கும்" என்றாள்.

மூடியை இறக்கினார்கள். பெண்கள் புடவையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். கன்னியப்பன் பெட்டியருகில் போய் நின்றார். அப்புறம் மூலையில் கிடந்த கிரைண்டரைப் பிடித்துக்கொண்டு, மீனம்பாளின் முகத்துக்கு நேராகக் குனிந்தார். வாயைத் திறந்தார். கண்ணாடியில் ஆவி படர்ந்து அவள் முகம் மறைந்தது. துண்டின் நுனியால் துடைத்தார். மூச்சு விட்டார், மறுபடியும் படர்ந்தது.