மூன்றாவது கடிதத்தில் விட்டுப்போன வரி

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் இன்ஜின் சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் வண்டி பழைய இரும்புக்கடைக்கு. இது என் மனைவியின் தீர்ப்பு. வண்டி நிற்கும் பின்னறையில் ஞாயிறன்று வாஷிங் மெஷின் வந்து இறங்குகிறது.

தொண்ணூற்றெட்டு சிசி மோட்டார் சைக்கிள். என்னைவிட மூத்தது, என்னைவிட ஒல்லி. எட்டு மாதமாகப் பழுதுபார்க்கிறேன். கழற்றிய ஒவ்வொரு திருகையும் எண்ணிட்ட உறையில் போட்டுவைத்துத் திரும்ப மாட்டினேன். சந்தேகங்களைப் பழைய வண்டிச் சங்கத்தின் செயலாளருக்கு எழுதிக் கேட்பேன். நேரில் பார்த்ததில்லை. இன்ஜின் எண்ணை வைத்து வண்டி பிறந்த ஆண்டையும், அசல் நிறம் கரும்பச்சை என்பதையும் கண்டு சொன்னவர் அவர்தான்.

இரண்டு வாரமாக உதைக்கிறேன். ஓர் இருமல்கூட இல்லை. பிளக்கில் பொறி வருகிறது, கார்புரேட்டருக்குப் பெட்ரோல் வருகிறது. மூன்றாவது கடிதத்தில் எல்லாவற்றையும் எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன்.

சனிக்கிழமை நான்கு மணிக்கே மச்சான் வேனோடு வந்துவிட்டான்.

"மாமா, கால்தான் தேயுது. ஏத்திடலாமா?"

"இன்னும் ஒரு மணி நேரம் இருக்குடா."

"அப்போ அதுக்குள்ள என் சாக்ஸைத் தேடிக் குடுங்க. போன மாசம் இங்க தங்கினப்போ நீலக்கோடு போட்ட ஒத்தை சாக்ஸ் காணாமப் போச்சு."

"என் வீட்ல திருடனா இருக்கான்?" என்றபடி வந்த மனைவி, ஒரு கடிதத்தை என்னிடம் நீட்டினாள். "இந்தாங்க, உங்க செயலாளர்."

பிரித்தேன்.

'அன்புடையீர், கார்புரேட்டரைத் தொடாதீர்கள். உங்கள் இரண்டாவது கடிதம், ஏழாம் பத்தி: "சைலன்சருக்குள் பெயின்ட் போகாமலிருக்க, கைக்குக் கிடைத்த துணியை அடைத்திருக்கிறேன்." மூன்றாவது கடிதத்தில் முப்பத்தொரு வேலைகளை வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். துணியை எடுத்ததாக எங்கும் காணோம்.'

இருவருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்து சைலன்சரைக் கழற்றினேன். கம்பியை விட்டு இழுத்ததும் வந்தது: நீளமாய், நீலக்கோடு போட்டு.

"மாமா!" என்றான் மச்சான்.

சைலன்சரைத் திரும்ப மாட்டினேன். நான்காவது உதையில் படபடவென்று பிடித்துக்கொண்டது. அறை முழுக்கப் புகை. மணி நாலு ஐம்பது.

மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "சரி, சொன்னா சொன்னதுதான். வண்டி முன்னறைக்குப் போகட்டும். டேய், வேன் சும்மாதானே நிக்குது, அங்க இருக்கிற சோபாவை ஏத்து."

"அக்கா, நான் வந்தா அதுலதான படுப்பேன்!"

நான்காவது கடிதத்தை உடனே தொடங்கினேன்: 'துணி எடுக்கப்பட்டது. உரியவர் வாங்க மறுக்கிறார்.'