கசிகிற வரப்பு

வல்லம் வடகால் தொழிற்பேட்டைக்குப் பின்னால் மிச்சமிருக்கும் நெல் வயல்களில் ஒன்று நாகப்பனுடையது. நவரைப் பட்டத்துக்கு நாற்று விட்டிருந்தபோது, பக்கத்துக் கார் உதிரிபாகக் கம்பெனி விவசாயிகளைக் கூட்டிப் பேசியது.

கம்பெனி சார்பில் பேச வந்தவன் ஹேமந்த். வயலில் தண்ணீர் நின்றுகொண்டே இருந்தால் மண்ணிலிருந்து மீத்தேன் கிளம்பிப் பூமியைச் சூடாக்குகிறது. பயிர் வேர் பிடித்தபின் அவ்வப்போது காயவிட்டுப் பாய்ச்சினால் அது குறையும் என்றான். கம்பெனி விடும் புகையைக் கழித்துப் பூஜ்யமாக்கும் 'நெட் ஜீரோ' கணக்குக்கும் அது உதவுமாம்.

நாகப்பன் எழுந்தார். "புகை உங்களுது. அதுக்கு நாங்க இன்னாத்துக்குக் கயனியைக் காயப்போடணும்?"

"கம்பெனியிலயும் குறைக்கிறாங்கண்ணா. எவ்ளோன்னு எனக்குத் தெரியல" என்றான் ஹேமந்த்.

பெரும்பாலானவர்கள் எழுந்து போனார்கள். பக்கத்து வயல்காரி கோவிந்தம்மா மட்டும் அந்தத் திட்டத்தில் சேர்ந்தாள். வேறொரு ஃபேக்டரியில் துப்புரவு வேலை பார்ப்பவள். ஷிஃப்டுக்கு நடுவே ஓடிவந்து தண்ணீர் கட்டும் பாடு குறையுமே என்று நினைத்தாள். நாகப்பன் அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

ஆனால் அவள் வயல் காயவே இல்லை. நாகப்பனின் வயல் மேட்டில் இருந்தது. வரப்பிலிருந்த நண்டு வளைகள் வழியாக அவர் தண்ணீர் கீழே கசிந்துகொண்டிருந்தது.

ஒருநாள் காலையில் அவள் வந்து நின்றாள். "அண்ணே, உங்க தண்ணி எங்க கயனில எறங்கிக்கினே கீது."

"நான் தண்ணிய நிறுத்தமாட்டேன்."

"நிறுத்தச் சொல்லலண்ணே. வரப்ப அணைக்கலாம்னுதான் பாக்கறேன். ஓ.டி. முடிச்சிட்டு வந்தா கையே தூக்க முடியல."

 அவள் வேலைக்குப் போனதும் அவர் மண்வெட்டியோடு இறங்கினார். வளைகளில் களிமண்ணைத் திணித்து மிதித்து, வரப்பு முழுக்கச் சேறு பூசினார். திரும்பி வந்தவள் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"கம்பெனிக்காரங்களுக்காகப் பண்ணல" என்றார் நாகப்பன்.

"தெரியும்ணே."

வயல் காய்ந்தது, தண்ணீர் நிற்காததால் கூடவே களையும் மண்டியது. லீவு நாளெல்லாம் அவள் குனிந்தே கிடந்தாள். போதாமல் ஆள் வேறு விட்டாள். விளைச்சல் குறையவில்லை, ஆனால் தண்ணீர் கட்டுவதில் மிச்சமான உழைப்பையெல்லாம் களை தின்றுவிட்டது.

அறுவடைக்குப் பின் கம்பெனி மறுபடி கூட்டம் போட்டது. நாகப்பனும் போனார். கோவிந்தம்மா களையைப் பற்றித் தயங்கித் தயங்கிப் பேச, அவர் குறுக்கிட்டார். "களைக்கூலி யாரு குடுக்கறது? அதைச் சொல்லுங்க மொதல்ல."

"நீங்கதான் சேரவே இல்லையே" என்றார் அன்று ஹேமந்தோடு வந்திருந்த அதிகாரி.

"சேரலதான். சேரவும் மாட்டேன். ஆனா இவ பட்டதை நான் பாத்தேன்."

அதிகாரி உடனே ஒத்துக்கொள்ளவில்லை. ஹேமந்த் அவரிடம் விடாமல் கேட்டுக் கேட்டு, களைக்கூலியில் பாதியைக் கம்பெனி ஏற்கும் என்ற சேதியோடு அடுத்த நடவுக்கு முன் வந்தான். கோவிந்தம்மா மறுபடி சேர்ந்தாள். சேதியை முதலில் நாகப்பனிடம்தான் போய்ச் சொன்னாள்.

"மீதிப் பாதியையும் கேளு" என்றார் அவர்.