அர்வெல்லாவின் டீயும் என் நாக்கும்

என் மனைவி சமைத்த எதையும் நான் இந்த நாற்பத்தோரு வருடத்தில் குறை சொன்னதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. வந்த வம்பெல்லாம் அதிலிருந்துதான் வந்தது.

சின்ன வயதில் வீட்டில் நாங்கள் எட்டுப் பேர். என் அம்மா பிறத்தியார் அடுக்களையில் வேலை செய்து, அங்கே மிஞ்சியதைத் துணியில் மூடிக் கொண்டு வருவாள். தட்டில் விழுந்ததைத் தின்ன வேண்டும், நல்லா இருக்கு என்று சொல்ல வேண்டும், எழுந்து போக வேண்டும். அந்தப் பழக்கம் நாக்கோடு ஒட்டிக்கொண்டது. கல்யாணமான புதிதில் அர்வெல்லா என்னைச் சோதிக்க வேண்டுமென்றே சோள ரொட்டியில் மூன்று கரண்டி உப்பைப் போட்டு வைத்தாள். இரண்டு துண்டு தின்றுவிட்டு, நல்லா இருக்கு என்றேன். அன்று பூராவும் தண்ணீர் குடித்தேன். அவள் அதை இன்று வரைக்கும் எங்கள் தேவாலயச் சபையில் சொல்லிச் சிரிப்பாள்.

போன பிப்ரவரியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. பத்து நாளில் காய்ச்சல் போய்விட்டது. மார்ச் மாதம் ஒரு சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தால், வாசலிலேயே கருகல் நாற்றம். உள்ளே பட்டாணி வைத்த சட்டி புகைந்துகொண்டிருக்கிறது. அதற்கு இரண்டு அடி தள்ளி உட்கார்ந்து அவள் நிம்மதியாகத் துணி தைத்துக்கொண்டிருக்கிறாள்.

"அர்வெல்லா! அடுப்பு!"

அவள் திரும்பிச் சட்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"வாசனை போயிடுச்சு லான்சோ. காய்ச்சலோட போனது. ருசியும் இல்ல. சர்க்கரையும் மணலும் எனக்கு ஒண்ணாத்தான் இருக்கு."

வாசனையும் ருசியும் திரும்பி வரலாம் என்று மருத்துவர் சொன்னார், எப்போது என்று சொல்லவில்லை. அவள் என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்: "யார்கிட்டயும் மூச்சு விடாத. முக்கியமா சபையில."

ஏன் என்று எனக்குத் தெரியும். ஜூலை இரண்டாம் ஞாயிறு எங்கள் சபையில் எல்லாரும் ஊர் திரும்பும் நாள். அட்லாண்டா போனவன், டெட்ராய்ட் போனவன், எல்லாரும் குடும்பத்தோடு வருவார்கள். ஆராதனை முடிந்ததும் ஓக் மரத்தடியில் நீளமாக மேசை போட்டுச் சாப்பாடு. அந்த மேசையின் தலைமாட்டில் குழாய் வைத்த பெரிய கண்ணாடி ஜாடி ஒன்று நிற்கும். அர்வெல்லாவின் பீச் பழ டீ. இருபத்தாறு வருடமாக அந்த இடம் அவளுடையது. மற்றவர்களும் டீ கொண்டு வருவார்கள். அவள் ஜாடி காலியாகும் வரை அவற்றை யாரும் தொட மாட்டார்கள். தூரத்து ஊரிலிருந்து வரும் பிள்ளைகள் அவளிடம் முதலில் நலம் விசாரிப்பதில்லை, "அத்த, ஜாடி வந்தாச்சா?" என்றுதான் கேட்பார்கள். அளவு, கணக்கு எதுவும் அவளுக்குக் கிடையாது. மோந்து பார்ப்பாள், ஒரு சொட்டை நாக்கில் வைப்பாள், அவ்வளவுதான்.

ஜூன் கடைசியில் ஒரு புதன்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு அவள் டீ போட்டுக் கொண்டு போனாள். ஆளுக்கு ஒரு வாய் குடித்தார்கள். அதற்குப் பிறகு டம்ளர்கள் ஒவ்வொன்றாக பெஞ்சுக்கு அடியில் போனதைப் பார்த்தேன். சபைப் பொறுப்பிலிருக்கும் மூத்த டீக்கன், காற்று வாங்கப் போகிறவர் போல வெளியே போய்ப் பூச்செடிக்கு ஊற்றிவிட்டு வந்தார். நான் என்ன செய்ய? மூன்று டம்ளர் குடித்தேன்.

மறுநாளே சபையிலிருந்து சிஸ்டர் மோசெல் கையில் ஒரு கேக்கோடு வந்துவிட்டார். நல்ல மனுஷி. சபையின் செவ்வாய்க்கிழமை வகுப்பில் ஐம்பத்தாறு வயதில் எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். அதனால் அவர் மேல் எனக்குக் கோபம் வராது.

"அர்வெல்லா, இந்த வெயில்ல அவ்ளோ பெரிய ஜாடிய எதுக்குத் தூக்கிக்கிட்டு அலையுற? இந்த வருஷம் டீய நான் பாத்துக்கறேன். நீ அந்த மஞ்சத் தொப்பியப் போட்டுக்கிட்டு ஜம்முனு உக்காரு."

"என் ஜாடி உங்கள விடக் கனமில்ல, சிஸ்டர்."

மோசெல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கண்ணு, கோவிச்சுக்காத. அந்த ஞாயித்துக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் யோசி, அஞ்சு மணிக்கு நானே கூப்பிடறேன். முடியலன்னா ஒரு வார்த்த சொல்லு. நான் எதுக்கும் டீப்பை வாங்கி வெச்சுக்கறேன்."

மோசெல் போக, வலைக்கதவு சாத்திக்கொண்டது. அர்வெல்லா என் பக்கம் திரும்பினாள்.

"நேத்து நீ மூணு டம்ளர் குடிச்ச."

"ஆமா."

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். கத்தவில்லை.

"ஊருக்கே தெரிஞ்சிருக்கு, எனக்குத்தான் தெரியல. எனக்கு நாக்கு இல்ல லான்சோ. இந்த வீட்டுல இருக்கிற ஒரே நாக்கு உன்னுது. அதுவும் பொய் பேசுது."

அந்த வார்த்தை என்னோடு வேலைக்கும் வந்தது.

நான் பழக் கொட்டகையில் முப்பத்தொரு வருடமாகப் பெல்ட்டில் நிற்கிறேன். தோட்டத்திலிருந்து வரும் பீச் பழம், நகரும் பட்டையான அந்தப் பெல்ட்டில் ஓடும். நின்ற இடத்தில் நின்று தரம் பிரிக்க வேண்டும். முதல் தரம் ஒரு பக்கம், இரண்டாம் தரம் ஒரு பக்கம், மிச்சம் கழிசல். பழத்தின் பூனைமயிர் கழுத்தில் ஒட்டி நாள் முழுக்க அரிக்கும். கண்ணைச் சுற்றும் குட்டிப் பூச்சிகளை வாய் ஓரத்தால் ஊதிக்கொண்டே கை ஓட வேண்டும். சாயங்காலம் கால் மரத்துப் போயிருக்கும். கழிசலில் கனிந்ததாக ஒரு வாளி வீட்டுக்கு எடுத்துப் போக விடுவார்கள். அர்வெல்லாவின் டீ அந்த வாளியிலிருந்துதான்.

அன்றும் ஒரு வாளி கொண்டு போனேன். அவள் பழத்தோலை உரித்து, தோலை மட்டும் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டாள். டீக்கு நிறம் அதில்தான் வரும். அடுப்பை அணைத்து, ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டு, டீப்பைகளை இறக்கினாள். சோடா இல்லாவிட்டால் கசக்கும். சூடு இருக்கும்போதே சர்க்கரை. பக்கத்து அடுப்பில் பழச்சதை சர்க்கரையோடு பாகாகிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் வடித்துக் கலந்து, ஐஸ் போட்டு ஒரு டம்ளர் நீட்டினாள்.

குடித்தேன். சோப்புத் தண்ணீர். வாயைத் திறந்தேன். "நல்லா..."

பாத்திரத் துணி பறந்து வந்து முகத்தில் விழுந்தது.

"போ! போய் மோசெல்கிட்டச் சொல்லிடு. ஜாடியையும் கொண்டு போய்க் குடுத்துடு. எனக்கு வேண்டாம்."

நான் துணியைக் கையில் வைத்துக்கொண்டு கழுத்தைச் சொறிந்தபடி நின்றேன். அங்கிருந்து போகவும் முடியவில்லை. அவள் என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு எத்தன பழத்தக் கழிச்ச?"

"யாரு எண்ணினா? ரெண்டு வண்டி இருக்கும்."

"ஒவ்வொரு பழத்துக்கிட்டயும் நல்லா இருக்குன்னு சொன்னியா?"

"சொன்னா அன்னிக்கே வேல போயிடும் புள்ள."

"அப்ப எந்திரி... நின்னுக்கிட்டுத்தான் இருக்கியா, சரி. இப்படி வா."

என்னைச் சமையல் மேடை ஓரமாக நிறுத்தினாள். அவள் மறு முனைக்குப் போனாள்.

"இது பெல்ட்டு. நீ என் புருஷன் இல்ல, நான் உன் பொண்டாட்டி இல்ல. பழம் வருது, பாத்துக்க."

டம்ளரை மேடை மேல் சறுக்கிவிட்டாள். ஐஸ் குலுங்கிக்கொண்டு அது என்னிடம் வந்தது. கை தானாக எடுத்தது. ஒரு மிடறு. முப்பத்தொரு வருடப் பழக்கம் வாயை முந்திக்கொண்டது.

"கழிசல்."

சொல்லிவிட்டு நானே பயந்து போனேன். அவள் இடுப்பில் கை வைத்தாள்.

"யாரு? என் டீயா கழிசல்?"

"சோப்பு மாதிரி இருக்கு. சோடா ஜாஸ்தி."

"அப்புறம்?"

"டீப்பையப் பிழிஞ்சியா? அடித்தொண்டையில கசக்குது. பழம் எங்க இருக்குன்னே தெரியல."

அர்வெல்லா சிரித்தாள். பிப்ரவரிக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மேடையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாள். "நாப்பத்தோரு வருஷம்! பாவி மனுஷா, நாப்பத்தோரு வருஷம் கழிச்சு வாயத் திறந்துட்டான்!"

அதிலிருந்து தினமும் சாயங்காலம் எனக்கு இரண்டாவது வேலை. டம்ளர் சறுக்கி வரும், நான் தரம் சொல்வேன். சோடா சரியாயிற்று. சர்க்கரை சரியாயிற்று. ஒரு நாள் அவசரப்பட்டுச் சூட்டோடு குளிர்பெட்டியில் வைத்துவிட்டாள்; டீ கலங்கிவிட்டது, குடிக்காமலே கழித்தேன். "பெல்ட்டுக்காரன் ரொம்பத்தான் ஆடுறான்" என்றாள். சுவரில் தொங்கும் நாட்காட்டியில், எது எவ்வளவு போட்டோம் என்று பென்சிலால் எழுதி வைத்தேன். என்ன எழுதியும் இரண்டாம் தரத்துக்கு மேல் ஏறவில்லை.

சனிக்கிழமையும் வந்துவிட்டது. சாயங்காலம் நான்கு மணி. ஐந்து மணிக்கு மோசெல் தொலைபேசியில் கூப்பிடுவார். டம்ளர் சறுக்கி வந்தது. குடித்தேன். அர்வெல்லா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் தரம் என்று சொல்லிவிட்டால் போதும், ஜாடியைக் கட்டிக்கொண்டு நிம்மதியாகப் படுத்துவிடுவாள். குடிக்கிறவர்களும் மரியாதைக்குக் குடித்து வைப்பார்கள். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"ரெண்டாம் தரம்" என்றேன்.

"என்ன குறை?"

"குறைன்னு ஒண்ணும் இல்ல. கடையில விக்கலாம். ஆனா இது உன் டீ இல்ல. பழம் ஜாம் மாதிரி வெந்து போச்சு. உன்னுதுல பழம் அப்பத்தான் கிளையிலேருந்து விழுந்த மாதிரி இருக்கும்."

அவள் பாகு காய்ச்சிய சட்டியை எடுத்துப் பார்த்தாள்.

"பாக எப்ப இறக்கணும்னு எனக்கு மூக்குதான் சொல்லும். பச்சை வாசனை போகும், உடனே ஒரு வாசனை எழும்பும். அந்த நொடியில இறக்கணும். ஒரு நிமிஷம் போனா ஜாம்தான். அத நாட்காட்டியில எப்படி எழுதுவ?"

"எழுத முடியாது" என்றேன். "அடுப்பப் பத்த வை."

வாளியில் கடைசியாக இருந்த பழங்களை நறுக்கினாள். நான் அடுப்புக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நின்றேன். ஆவி முகத்தில் அடித்தது, வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது. தொலைபேசி மணி அடித்தது.

"மோசெல்தான்" என்றாள். "என்ன சொல்ல?"

"பேசாம இரு. வாசனைய விட்டுடுவேன்."

மணி அடித்து ஓய்ந்தது. பச்சை வாசனை, பச்சை வாசனை, புல் மாதிரி. பிறகு திடீரென்று, விடிகாலையில் கொட்டகைக் கதவைத் திறந்ததும் முதல் வண்டிப் பழம் வீசுமே, அது எழும்பியது. இத்தனை வருடம் அதை நான் வேலையின் நாற்றம் என்றுதான் நினைத்திருந்தேன்.

"இப்ப!"

அவள் கை ஏற்கனவே பிடியில் இருந்தது. சட்டி இறங்கியது.

இந்தத் தடவை டம்ளர் வரவில்லை. "வேண்டாம்" என்றாள். "நாளைக்கு மேசையில தெரியட்டும்." பிறகு மோசெலைக் கூப்பிட்டு, "சிஸ்டர், நீங்க கேக் மட்டும் கொண்டாங்க" என்றாள்.

மோசெல் கேக்கும் கொண்டு வந்தார், டீயும் கொண்டு வந்தார். "எதுக்கும் இருக்கட்டும்" என்று மேசையின் கடைசியில் வைத்தார். ஜெபம் முடிந்தது. அர்வெல்லா மஞ்சள் தொப்பியோடு ஜாடிக்குப் பின்னால் நின்றாள். கை சும்மா இராமல் மேசை விரிப்பை நீவிக்கொண்டே இருந்தது. முதல் டம்ளரை மூத்த டீக்கன் கொஞ்சம் பயந்துகொண்டுதான் வாங்கினார். ஒரு வாய் வைத்தார். டம்ளரைப் பார்த்தார். முழுதும் குடித்துவிட்டு மறுபடி நீட்டினார். அதற்குப் பிறகு வரிசை ஓக் மரத்தைச் சுற்றிக்கொண்டு போனது.

மோசெல் இரண்டாம் டம்ளரோடு வந்தார். "கைப்பக்குவம் திரும்பிடுச்சு போல."

"கை எங்கயும் போகல, சிஸ்டர். மூக்குதான் போச்சு, நாக்கும் போச்சு. பிப்ரவரியிலேருந்து எதுவும் தெரியல எனக்கு." அவளாகவே சொன்னாள், எல்லார் காதிலும் விழும்படி. "இது இந்த ஆளோட மூக்கு. கடன் வாங்கியிருக்கேன்."

மோசெல் என்னைப் பார்த்தார். "யாரு, உப்பு ரொட்டி தின்ன பிரதரா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு போனேன். குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

திரும்பும் வழியில் வண்டியில் அவள் கேட்டாள். "எப்படி இருந்துச்சு?"

"தெரியாது. எனக்கு ஒரு சொட்டுக் கூடக் கிடைக்கல."

வீட்டுக்கு வந்ததும் தொப்பியைக் கழற்றி வைத்தாள். குளிர்பெட்டிக்குள் பின்பக்கமாக மறைத்து வைத்திருந்த சின்னப் புட்டியை எடுத்தாள். அதே ஜாடியிலிருந்து காலையில் பிடித்து வைத்தது. ஐஸ் போட்டாள். மேடையின் மறு முனைக்குப் போய்ச் சறுக்கிவிட்டாள்.

நான் அவசரப்படவில்லை. ஒரு மிடறு, இன்னொரு மிடறு.

"முதல் தரம்."

"பொய்யா?"

"பெல்ட்டுல நின்னுக்கிட்டு யாராவது பொய் சொல்லுவாங்களா?"

அவள் வந்து என் கையிலிருந்து டம்ளரை வாங்கினாள். கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். வாயிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்து விழுங்கினாள்.

"குளிர்ச்சி தெரியுது" என்றாள். "மிச்சத்த நீ சொல்லு."

நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்த ருசியைப் பழத்தோலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.