பேரில்லாத டப்பா

முன்னறையில் ஸ்பானர் போட்டுத் திருகும் சத்தம் கேட்டபோது, எலிசபெத் செத்துப்போன அப்பாவின் விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நகக்கண்களில் வெடிமருந்துக் கரி அப்பியிருந்தது. சோப்புக்கும் போகவில்லை, எண்ணெய்க்கும் போகவில்லை. வலது கையில் கட்டைவிரல் இருந்த இடத்தைத் துணியால் சுற்றியிருந்தார்கள். கழுத்தில் சுற்றிய துணியில் சிவப்பு மறுபடியும் ஊறியிருந்தது.

சபைப் பெண்கள் பாடிக்கொண்டிருந்த பாட்டு பாதியில் நின்றது. அம்மா ஞானமணி மட்டும் தலை நிமிரவில்லை.

எலிசபெத் ஈரத்துணியோடு எழுந்து போய்ப் பார்த்தாள். இரண்டு போலீஸ்காரர்கள் மேசைக்கு அடியில் குனிந்து, தோட்டா மிஷினின் மரைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். சர்க்கிள் இன்ஸ்பெக்டர் அப்பாவின் நாற்காலியில் பூட்ஸ் காலோடு உட்கார்ந்திருந்தார். ஏட்டு கங்கையா சுவரோரமாக, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"இன்னா பண்றீங்க?"

"மிஷினை எடுத்துக்கிட்டுப் போறோம்மா. ரூல்ஸ்" என்றார் சர்க்கிள்.

"பொணம் இன்னும் வீட்டுல கெடக்குது சார்."

"தெரியும். சீக்கிரம் முடிச்சா நீங்களும் சீக்கிரம் அடக்கம் பண்ணலாம். அதுக்குத்தான் நானே வந்தேன்."

அவள் அப்பா பிரகாசம் வேலூரில் போலீஸ் ஆயுதக் கிடங்கில் இருபத்தாறு வருஷம் துப்பாக்கி பழுதுபார்த்தவர். வேலூரில் இருந்த அமெரிக்க மிஷன் டாக்டர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனது அந்த மிஷின். ஓய்வு பெற்று சத்தியவேட்டில் வீடு கட்டியபோது, முதலில் அதற்குத்தான் மேசை செய்தார். சுட்டுப்போட்ட ரிவால்வர் தோட்டாவின் வெறும் பித்தளைக் கூட்டை மறுபடி தோட்டாவாக்குகிற மிஷின். ஓர் இரும்புத் தூண், அதன் தலையில் வட்டமான தட்டு, தட்டில் நான்கு அச்சுகள். கைப்பிடியை இழுத்தால் ஓர் அச்சு கூட்டின் அடியில் வெடித்துப்போன பழைய கேப்பைத் தள்ளிவிடும். தட்டைக் கையால் திருப்பினால் அடுத்த அச்சு கூட்டுக்கு நேராக வந்து நிற்கும். கடைசி அச்சு ஈயக் குண்டை அதன் வாயில் உட்காரவைக்கும். போலீஸ் அதிகாரிகள் சுட்டுப் பழகுவதற்கான தோட்டாக்களைச் செங்கல்பட்டு கலெக்டர் ஆபீஸ் லைசென்ஸோடு அவர் நிரப்பிக் கொடுத்துவந்தார்.

அந்த அறையில் வேலை நடக்கும்போது யாரும் பேசக்கூடாது. ஒவ்வொரு தடவையும் எந்த வெடிமருந்து, எங்கிருந்து வந்தது என்று நோட்டில் எழுதுவார். நிரப்பிய தோட்டாவில் முதல் சிலதைத் தோப்புக்குக் கொண்டுபோய்த் தானே சுட்டுப் பார்ப்பார். "நான் நெரப்பனது மொதல்ல என் கையிலதான் வெடிக்கணும்" என்பார்.

1960 ஏப்ரல் ஒன்றாம் தேதி சத்தியவேடு ஆந்திராவோடு சேர்ந்தது. ஆபீஸ்களில் பலகை மாறியது. லைசென்ஸைப் புதுப்பிக்கப் போனால், ஃபைல் சித்தூருக்குப் போய்விட்டது என்றார்கள் செங்கல்பட்டில். வரவேயில்லை என்றார்கள் சித்தூரில். ஜூனில் இந்த சர்க்கிள் வந்தார். திருப்பதியில் அதிகாரிகளுக்குள் சுடும் போட்டி இருந்தது, அவருக்குப் பழகத் தோட்டா வேண்டும். கங்கையாவிடம் ஒரு தகர டப்பாவில் மருந்து கொடுத்தனுப்பினார். டப்பாவின் மேல் எந்தப் பெயரும் இல்லை. பிரகாசம் இரண்டு தடவை திருப்பி அனுப்பினார். மூன்றாம் தடவை சர்க்கிளே வந்தார். எலிசபெத்தான் மோர் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"பேரு இல்லாத மருந்து சார் இது. ரைஃபிள் மருந்தா, பிஸ்டல் மருந்தான்னே தெரியல. கூட்டுல போட முடியாது" என்று அப்பா சொன்னது அவள் காதில் விழுந்தது.

"உன் ஃபைல் என் மேஜை மேலதான் இருக்கு பிரகாசம்" என்றார் சர்க்கிள், மோரைக் குடித்துவிட்டு. "நான் எழுதினாத்தான் சித்தூருக்குப் போகும்."

அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் காலை ஆறு தோட்டா நிரப்பினார். ஒன்பது மணிக்குத் தோப்பில் முதல் தோட்டா சரியாக வெடித்தது. இரண்டாவதில் ரிவால்வரே வெடித்தது. ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டி ஊர் எல்லை தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது. வண்டியை அப்படியே வீட்டுக்குத் திருப்பிவிட்டார்கள்.

இப்போது மணி இரண்டு.

சர்க்கிள் ஒரு காகிதத்தை நீட்டினார். "அம்மா ரேகை வைக்கட்டும், நீ சாட்சிக் கையெழுத்துப் போடு. அவ்வளவுதான்."

அது தெலுங்கில் எழுதியிருந்தது. எலிசபெத் அதைக் கையில் வாங்கிப் படிக்க ஆரம்பித்ததும் அவர் முகம் மாறியது.

"தெலுகு சதவடம் வச்சா?"

"படிக்க வரும் சார். திருப்பதியிலதான் டீச்சர் டிரெய்னிங் படிச்சேன்."

அவள் அதை உரக்கப் படித்தாள், வரி வரியாகத் தமிழில், உள்ளே இருக்கிற பெண்களுக்கும் கேட்கும்படி. லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் கள்ளத் தோட்டா செய்து விற்றுவந்த பிரகாசம் என்பவர், எங்கிருந்தோ திருடிய மருந்தைக் குடிபோதையில் நிரப்பிச் சுட்டுத் தன் கவனக்குறைவால் இறந்துபோனார். இது எங்களுக்குத் தெரிந்த உண்மை.

"குடிபோதையா?" என்று உள்ளேயிருந்து யாரோ ஒரு பெண் கேட்டாள்.

எலிசபெத் கங்கையாவின் பக்கம் திரும்பினாள். "ஏட்டய்யா, அந்த டப்பாவ யாரு கொண்டாந்தாங்க?"

கங்கையா தொப்பியைப் பார்த்தார்.

"உங்களத்தான் கேக்குறேன். ரெண்டு தபா கொண்டாந்தீங்க. ரெண்டாந்தபா எங்க வூட்டுல சாப்ட்டுட்டுப் போனீங்க."

"அவரை ஏன் கேக்கறே? அவர் கையெழுத்துப் போட்டாச்சு" என்றார் சர்க்கிள். காகிதத்தின் அடியில் கங்கையாவின் கையெழுத்து இருந்தது.

போலீஸ்காரர்கள் மிஷினைச் சாக்கில் இறக்கினார்கள். மேசையில் இருந்த டப்பாக்கள், பித்தளைக் கூடுகள் எல்லாம் ஏற்கெனவே இன்னொரு சாக்குக்குள் போயிருந்தன. அந்தச் சாக்கின் வாயில் நீல அட்டை நோட்டின் முனை தெரிந்தது. எலிசபெத் குனிந்து அதை உருவினாள். கடைசிப் பக்கத்தில் அப்பாவின் சின்ன எழுத்து இருந்தது. அதையும் உரக்கப் படித்தாள்.

"ஏட்டு கங்கையா கொண்டுவந்த டப்பா. பேர் இல்லை. வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னேன். சர்க்கிள் நேரில் வந்து உத்தரவு. ஆறு மட்டும் நிரப்பினேன்."

சர்க்கிள் எழுந்து கையை நீட்டினார். "இங்க கொடு. அது கேஸ் சாமான்."

அவளுக்குப் பின்னாலிருந்து யாரோ நோட்டை வாங்கினார்கள். அம்மா. ஞானமணி எப்போது எழுந்து வந்தாள் என்று எலிசபெத்துக்குத் தெரியவில்லை. அவள் நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய், புருஷனின் முதுகுக்கு அடியில் செருகி, அவர் மார்பின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"வந்து எடுத்துக்கச் சொல்லு" என்றாள்.

போலீஸ்காரர்கள் இருவரும் உள்ளறையின் வாசற்படியில் நின்றுவிட்டார்கள். சர்க்கிள் அவர்களைப் பார்த்தார், அவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"சரி" என்றார் சர்க்கிள். "அப்போ பிரேதத்தைத் திருப்பதிக்கு அனுப்பறேன். அறுத்துப் பார்க்கட்டும். மூணு நாளோ நாலு நாளோ, இந்த வெயில்ல உங்களால தாங்க முடியுமான்னு யோசிச்சிக்கோங்க."

எலிசபெத் அம்மாவைப் பார்த்தாள். பாடம் நடத்தும் பிள்ளைகள் முன்னால் அவள் ஒரு தடவைகூட அழுததில்லை, இப்போது அழுதுவிடுவோமோ என்று பயமாக இருந்தது.

"கொண்டு போவட்டும். நாமளும் கூடவே போறோம். இவரு ஒரு சொட்டு குடிச்சாரான்னும் அறுத்தே பாக்கட்டும்" என்றாள் ஞானமணி.

போலீஸ் வேனில் பிணத்துக்கு ஒரு பக்கம் அம்மாவும் மறுபக்கம் மகளுமாக உட்கார்ந்து போனார்கள். நோட்டு அம்மாவின் இடுப்பில் இருந்தது. ஆஸ்பத்திரியில் ஐஸ் கிடைக்கவில்லை. முதல் நாள் டாக்டர் இல்லை. இரண்டாம் நாள் வந்த டாக்டர், கழுத்திலிருந்து எடுத்த இரும்புத் துண்டை ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டு ஒட்டினார். வயிற்றில் சாராயம் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் ரெவின்யூ அதிகாரி விசாரணைக்கு வந்தார். சர்க்கிள் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தார். அன்றைக்குக் காலையில்தான் சுடும் போட்டி நடந்தது என்று வெளியே டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அவர் சட்டையெல்லாம் வெடிமருந்து வாசனை.

எலிசபெத் நோட்டைக் காட்டினாள். புதுப்பிக்கக் கொடுத்த லைசென்ஸுக்குச் செங்கல்பட்டு ஆபீஸ் கொடுத்த ரசீதையும் காட்டினாள். அதிகாரி நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். பிறகு கங்கையாவைக் கூப்பிட்டார்.

"டப்பா கொண்டுபோனது நீதானா?"

ஞானமணி கங்கையாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு டப்பா கொண்டுபோனேன் சார். உள்ள இன்னா இருந்துதுன்னு எனக்குத் தெரியாது" என்றார்.

"யார் கொடுத்தது?"

"ஸ்டேஷன்ல இருந்துது சார்."

அதிகாரி சர்க்கிள் கொடுத்திருந்த அறிக்கையில் மூன்று இடங்களைச் சிவப்பு மையால் அடித்தார். கள்ளத் தோட்டா போனது. திருடிய மருந்து போனது. குடிபோதை போனது. மருந்து யாருடையது என்று நிரூபணம் இல்லை, விபத்து, என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"அப்போ நாங்க சொன்னது பொய்யா சார்?" என்று கேட்டாள் எலிசபெத்.

"பொய்னு நான் எழுதலையேம்மா. உங்கப்பா பேரைக் காப்பாத்திக் கொடுத்திருக்கேன். இதுக்கு மேல ஆகாது."

"அவரு பேரு எப்பவும் நல்லாத்தான் சார் இருந்துது. அத நீங்க காப்பாத்தத் தேவையில்ல. உசுரு எடுத்தவங்க பேரக் கேட்டேன்."

அதிகாரி பேனாவை மூடினார். சர்க்கிள் ஏற்கெனவே வெளியே போய் ஜீப்பில் ஏறியிருந்தார்.

நான்காம் நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு சத்தியவேட்டில் அடக்கம். பெட்டியை மூடி ஆணி அடித்தே கொண்டுவந்தார்கள். முகம் பார்க்க முடியாது என்று போதகர் சொன்னார். கோயிலுக்குள் வைக்கவும் முடியவில்லை, வாசலிலேயே ஜெபம் செய்தார். தூக்கியவர்கள் துண்டால் மூக்கைக் கட்டியிருந்தார்கள். ஞானமணி கட்டவில்லை. எலிசபெத்தும் கட்டவில்லை.

கல்லறைக்குப் போகிற வழியில் மணல் கொதித்தது. ஞானமணி செருப்பில்லாமல் பெட்டிக்குப் பின்னால் நடந்தாள். வேட்டியும் சட்டையுமாக ஓர் ஆள் கூட்டத்திலிருந்து விலகி வந்து, அவள் தலைக்கு மேல் கறுப்புக் குடையை விரித்துப் பிடித்தார். யூனிஃபாரம் இல்லாததால் எலிசபெத்துக்கு முதலில் கங்கையாவை அடையாளம் தெரியவில்லை.

ஞானமணி அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டடி தள்ளி வெயிலில் நடந்தாள். குடையும் இரண்டடி நகர்ந்தது. அவள் மறுபடி தள்ளி நடந்தாள்.

கங்கையா குடையை மடக்கினார். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கல்லறை வரைக்கும் அவர்களுக்குப் பின்னால் வெயிலிலேயே வந்தார்.