மூன்றே வருடம்

கொலை நடந்த அன்று என் தம்பி கவியரசனுக்குப் பதினெட்டு வயதாக இன்னும் நாற்பத்தொரு நாள் இருந்தது. வரப்புத் தகராறில் பங்காளியை வெட்டியது தான்தான் என்று அவனே காவல் நிலையத்தில் சொல்லியிருந்தான்.

அரியலூரில், சிறார் நீதிக் குழுமத்தின் வாசலில், அப்பாவிடம் மெதுவாகச் சொன்னேன்.

“கோவத்தை அடக்குற மூளைப் பகுதி இந்த வயசுல முழுசா வளந்திருக்காதுப்பா. வக்கீல் அதத்தான் சொல்லப் போறாரு. ஆனாலும் பதினாறு தாண்டிட்டதால பெரியவங்க மாதிரியே கேஸ் நடத்தலாம். ஆயுள்கூட கெடைக்கும்.”

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார். “மைனர்னா மூணு வருசத்துல வந்துடுவான்னுதானே டீக்கடையில சொன்னாங்க?”

“அத எதுக்குப்பா விசாரிச்சீங்க?”

உள்ளே தம்பியின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

“இப்பவாச்சும் அவகிட்ட சொல்லுங்க” என்றாள் அம்மா, அப்பாவைப் பார்த்து.

அப்பா என் பக்கம் திரும்பினார். “வெட்டுனது நான்மா. அவன ஏத்துக்கச் சொன்னதும் நான்தான்.”