ஐந்தாவது எண்

எங்கள் வீட்டின் கீழ்த்தளம்தான் அலுவலகம். பிறப்புச் சான்று, சொத்துப் பத்திரம், மருத்துவ அறிக்கை, பிரிந்துபோகிறவர்கள் ஒருவர்மேல் ஒருவர் எழுதும் மனு ஆகியவற்றை மொழிபெயர்த்து, உறுதிமொழியுடன் நீதிமன்றத்துக்குக் கொடுக்கிறோம். எங்கள் மொழிக்கு இந்த ஊர் நீதிமன்றத்தின் அங்கீகாரம் பெற்றவர்கள் நாங்கள் ஒரு குடும்பம்தான். அதனால் கணவன் மனைவி வழக்குகளில் இரண்டு தரப்புத் தாள்களும் எங்களிடமே வரும். கணவன் தரப்பு என் மகனுக்கு, மனைவி தரப்பு என் மருமகளுக்கு. இருவரும் ஒரே குடையில் நடந்துபோகலாம். தாள் விஷயத்தில் அந்நியர்கள்.

கணினியில் இரண்டு தரப்புக்கும் தனித்தனி ஃபோல்டர்; எனக்கே அந்த இரண்டும் திறக்காது. வேலை முடிந்து ‘முடிந்தவை’ என்ற ஃபோல்டருக்கு வந்த பிறகுதான் நான் பார்ப்பேன். ஒவ்வொரு மொழிபெயர்ப்பின் கடைசிப் பக்கத்திலும், ‘எதிர்த்தரப்பின் தாள்களை நான் பார்க்கவில்லை’ என்று மொழிபெயர்த்தவர் கையெழுத்திட வேண்டும். அதன்கீழே, ‘இதற்கு நான் பொறுப்பு’ என்று என் கையெழுத்து. இத்தனை வருடத்தில் அந்தக் கையெழுத்தை எந்த நீதிபதியும் சந்தேகித்ததில்லை.

அப்படிப்பட்ட அலுவலகத்தில், ஒரு குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்ற வழக்கின் தாள்கள் மாலைக்குள் போய்ச் சேரவேண்டிய நாளுக்கு முந்தின நாள், மாடிப்படிக்குக் கீழே இருந்த சர்வர் கருகிய வாசனையோடு அடங்கிப்போனது.

டாக்டரம்மாவை அழைத்தோம். மனிதர்களுக்கு அல்ல, கணினிகளுக்கு வைத்தியம் பார்ப்பவர். நாங்கள் வைத்த பெயர் அது. மறுநாள் காலை புதுப் பெட்டியோடு வந்தார். பேக்கப் வட்டு இரும்பு அலமாரியில் பத்திரமாக இருந்தது. எங்கள் நான்கு பேருக்கும் பழைய பெயர்களிலேயே கணக்கு திறந்தார். பெரியவர், அம்மா, மகன், மருமகள். அவரவர் அனுமதியோடு கோப்புகளை அப்படியே இறக்கிவிட்டதாகவும் சொன்னார்.

என் இடத்தில் உட்கார்ந்து என் ஃபோல்டரைத் தட்டினேன். உங்களுக்கு அனுமதி இல்லை என்றது திரை. என் வீட்டில், என் அலுவலகத்தில், எனக்கு. மகனுக்கும் திறக்கவில்லை, மருமகளுக்கும் திறக்கவில்லை.

டாக்டரம்மா பதறவில்லை. “பேரெல்லாம் நமக்குத்தான் சார். சர்வர் ஒவ்வொரு ஆளுக்கும் உள்ளுக்குள்ள ஒரு நீளமான நம்பர் வச்சிருக்கும். ஃபைல்ல இருக்கிற பூட்டு அந்த நம்பருக்குத்தான் திறக்கும். இது புது சர்வர், அதனால நம்பரும் புதுசு” என்றார்.

“அப்போ இதுக்கு நான் யாரு?”

“உங்க பேரை வச்சிருக்கிற வேற யாரோ.”

கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். என்னை எண்ணாக மட்டுமே அறிந்த ஒன்று இத்தனை காலம் மாடிப்படிக்குக் கீழே இருந்திருக்கிறது என்பது எனக்குப் புதிய செய்தி.

மகனுக்குப் பொறுமை இல்லை. இன்றைக்கு மட்டும் எல்லாவற்றையும் எல்லாருக்கும் திறந்துவிட்டால் ஐந்து நிமிடத்தில் வேலை நடக்கும், நாளைக்குப் பூட்டிக்கொள்ளலாம் என்றான். டாக்டரம்மாவும் அப்படிச் செய்கிற அலுவலகங்கள் உண்டு என்றார்.

மருமகள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். “எப்படா திறக்கும்னு காத்துக்கிட்டு இருந்த மாதிரி இருக்கு.”

“உன் பொக்கிஷத்தை நீயே வச்சுக்கோ.”

திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். தாமதமானால் நீதிமன்றத்தில் நின்று திட்டு வாங்கிக்கொள்கிறேன். இந்தச் சுவரில் ஓட்டை போட மாட்டேன்.

அப்படியானால் பழைய எண்கள் ஒவ்வொன்றும் யார் என்று கண்டுபிடித்து, புது எண்ணை அந்த இடத்தில் வைக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். எந்தக் கதவு திறக்கிறது என்று பார்த்தால் ஆள் தெரிந்துவிடும் என்றார். கணவன் தரப்பு மட்டும் திறக்கும் எண் மகன். மனைவி தரப்பு மட்டும் திறக்கும் எண் மருமகள். வரவேற்பு மேசையின் நாட்குறிப்பைத் தவிர எதுவும் திறக்காத எண் என் மனைவி. “வாசல்லயே நிக்க வச்சுட்டீங்க” என்று மனைவி அங்கிருந்தே சொன்னாள். ‘முடிந்தவை’யும் வரவுசெலவுக் கணக்கும் திறக்கும் எண் நான். முகமே தெரியாமல், ஒருவனுடைய உரிமைகளை மட்டும் வைத்து அவனை அடையாளம் காண முடிகிறது. அடுத்தது எந்த எண் என்று நானே கேட்க ஆரம்பித்தேன்.

ஐந்தாவதாக ஒன்று வந்தது.

அது கணவன் தரப்பையும் திறந்தது, மனைவி தரப்பையும் திறந்தது. படிக்கலாம், திருத்தலாம், அழிக்கலாம். எனக்கே இல்லாத உரிமை. ஆனால் நாங்கள் நான்கு பேர்தான். மகன் மருமகளைப் பார்த்தான். மருமகள் அவனைப் பார்த்தாள். நான் இருவரையும் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த எண் உண்டாக்கிய கோப்புகள் ஏதாவது உண்டா என்று டாக்டரம்மா தேடினார். ஆயிரக்கணக்கில் கொட்டின. எல்லாமே படங்கள், ஒளிநகல் எடுத்த தாள்கள்.

என் மனைவி எட்டிப் பார்த்தாள். “இது நம்ம இருமல்காரன்ல?”

நடையில் நிற்கும் ஸ்கேனர் அது. ஒவ்வொரு தாளை இழுக்கும்போதும் இருமும். வந்த தாளை இரண்டு தரப்பு ஃபோல்டர்களிலும் அதுதான் கொண்டுபோய்ப் போட வேண்டும் என்பதால், வாங்கிய புதிதில் மகன் அதற்கும் ஒரு கணக்கு திறந்து, அவசரத்தில் முழு உரிமையும் கொடுத்திருக்கிறான். அதன் பக்கவாட்டில் ஒட்டுத்தாளில் பாஸ்வேர்டு. மகனுடைய கையெழுத்து. மனிதர்களுக்கு நடுவே சுவர் கட்டுவதில் அத்தனை கவனமாக இருந்தவர்கள் நாங்கள். ஒரு இயந்திரமும் உள்ளே நுழையும் ஆள்தான் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பழையபடியே கொடுக்கவா என்று கேட்டார் டாக்டரம்மா. வேறு வழி உண்டா என்றேன்.

“தபால் பெட்டி மாதிரி செய்யலாம் சார். உள்ளே போடத்தான் முடியும். எடுக்கவும் முடியாது, எட்டிப் பார்க்கவும் முடியாது.”

அப்படியும் ஓர் அனுமதி இருக்கிறதா என்று வியந்துபோனேன். அதையே கொடுக்கச் சொன்னேன். ஒட்டுத்தாளை நானே கிழித்தேன். மதியத்துக்குள் எல்லாக் கதவுகளும் உரியவர்களுக்குத் திறந்தன. மகனும் மருமகளும் அவரவர் அறைக்குப் போய் மிச்ச வேலையை முடித்தார்கள். டாக்டரம்மாவும் விடைபெற்றுப் போனார்.

இரண்டு கட்டுகளும் என் மேசைக்கு வந்தன. மகன் கையெழுத்திட்டிருந்தான். மருமகளும் கையெழுத்திட்டிருந்தாள். பேனாவை எடுத்தவன் வைத்துவிட்டேன். நேற்றுவரை சுவர் இருந்தது, கையெழுத்திட்டேன். இன்று அந்தச் சுவரில் கதவு இருந்ததும் சாவி நடையில் தொங்கியதும் தெரியும். கேட்காமல் கையெழுத்திட்டால் பொய். கேட்டால், பெற்ற மகனையும் வீட்டுக்கு வந்தவளையும் சந்தேகித்தேன் என்றாகும்.

இருவரையும் கூப்பிட்டேன். மனைவிக்குப் புரிந்துவிட்டது. “பெத்த பிள்ளையைக் கூண்டுல ஏத்தணுமா? அதான் அடைச்சாச்சே” என்றாள்.

“நாளைக்கு எவனோ கேட்கிறதுக்கு முன்னாடி நான் கேட்கிறேன்” என்றேன். பிறகு அவர்களிடம், “அந்த ஸ்கேனர் கணக்குல யாராவது உள்ள போனீங்களா?”

மருமகள் உடனே பதில் சொன்னாள். “ஒட்டுத்தாளைப் பார்த்திருக்கேன் மாமா. தாள் சிக்கினா எடுக்கிறதுக்குன்னு நினைச்சேன். போனதில்ல.”

மகன் சன்னலைப் பார்த்தான்.

“ஒரு தடவை” என்றான். “எதையும் திறக்கலப்பா. ஃபைல் பேருங்களை மட்டும் பார்த்தேன். மூடிட்டேன்.”

“எந்த வழக்கு?”

“இதுதான்.” பிறகு மனைவியைப் பார்த்துச் சொன்னான்: “மூணு நாளா நீ சரியா சாப்பிடல. என்னத்தைப் படிச்சுட்டு வந்து நீ இப்படி உட்கார்ந்திருக்கேன்னு தெரிஞ்சுக்கணும்னு தோணுச்சு. அவ்வளவுதான்.”

மருமகளின் முகத்தில் கோபம் இருந்ததா வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியவில்லை.

பெயர்களை மட்டும் பார்த்தது பார்த்ததாகுமா என்று மனைவி வாதாடினாள். ஆகும். ஒரு தாளுக்கு ‘மருத்துவமனை அறிக்கை’ என்று பெயர் இருந்தால், அப்படி ஓர் அறிக்கை இருப்பது தெரிந்துவிடுகிறது. மகன் வாதாடவில்லை. தன் கட்டின் கடைசிப் பக்கத்தைத் தானே உருவி இரண்டாகக் கிழித்தான். அவன் பிறந்ததிலிருந்து அவனை நான் அத்தனை மரியாதையோடு பார்த்ததில்லை.

நானும் மகனும் மருமகளும் நீதிமன்றத்துக்குப் போனோம். பதிவாளர் என்னைப் பல வருடமாக அறிந்தவர்; எழுந்து நின்றே பேசுவார். மருமகளின் கட்டைக் கையெழுத்தோடு கொடுத்தேன். மகனின் கட்டைக் கையெழுத்தில்லாமல் வைத்தேன். எங்கள் அலுவலகத்தில் ஒருவர் எதிர்த்தரப்புக் கோப்புகளின் பெயர்களைப் பார்த்துவிட்டார், ஆகவே இதற்கு நான் பொறுப்பேற்க முடியாது என்றேன். வழி எப்படித் திறந்திருந்தது, எப்படி அடைத்தோம் என்பதையும் சொன்னேன்.

“யாரு பார்த்தது?” என்று கேட்டார் பதிவாளர்.

மகன் வாயெடுத்தான். நான் முந்திக்கொண்டேன். “எங்க வீடு பார்த்துச்சு சார்.”

அவர் எங்கள் மூவரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். கணவன் தரப்புக்கு வேறு ஊரிலிருந்து ஆளை வரவழைக்க வேண்டும், விசாரணை தள்ளிப்போகும், இனி இரண்டு தரப்பையும் எங்களிடமே தருவதா என்பதை நீதிபதிதான் முடிவு செய்ய வேண்டும் என்றார். சொன்னபோது அவர் உட்கார்ந்திருந்தார். நான் நிமிர்ந்தே நின்றேன்.

வீட்டுக்கு நடந்து வந்தோம். அவர்கள் இரண்டு பேரும் எனக்கு முன்னால் போனார்கள், சற்று இடைவெளி விட்டு. பாதி வழியில் மருமகள் அந்த இடைவெளியைக் குறைத்தாள்.

“கேட்டிருக்கலாம்ல?” என்றாள்.

“கேட்டா சொல்லியிருப்பியா?”

“மாட்டேன்.”

“அப்புறம்?”

“சொல்ல மாட்டேன்னு சொல்லியிருப்பேன். கேட்டீங்கன்னாவது எனக்குத் தெரிஞ்சிருக்கும்.”

அவன் தலையாட்டினான். பிறகு மெதுவாக, இப்போது கேட்கலாமா என்றான். கேட்கலாம், சொல்ல மாட்டேன் என்றாள். அவன் கேட்டான். அவள் சொல்லவில்லை.

குழந்தையை யாரிடம் விடுவது என்கிற வழக்கில், மூன்று நாள் ஒரு பெண்ணைச் சாப்பிட விடாமல் செய்கிற அளவுக்கு அந்தத் தாள்களில் என்னதான் இருக்கும்? மருமகளின் கட்டு என் கையெழுத்துக்காக மேசையில் கிடந்தபோது கடைசிப் பக்கத்தை மட்டும் புரட்டினேன், உள்ளே படிக்கவில்லை. ‘முடிந்தவை’ எனக்குத் திறக்கும். அதில் அதன் நகல் இருக்கிறது. படிக்க எனக்கு முழு அனுமதி உண்டு. தெரிந்துகொள்ள எனக்கும் ஆசைதான். இதுவரை திறக்கவில்லை.